புழக்கத்துக்கு ஒரு தட்டு

ஜாடி

தமிழ் வீடுகளில் ஸ்டோன்வேருக்கு வெகுகாலம் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. மேல்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி சந்தன வெள்ளையுமாக, வாயில் துணி கட்டி, சமையலறையின் இருட்டு மூலையில் உட்கார்ந்திருந்த ஊறுகாய் ஜாடி. பீங்கான் தட்டில் சோறு போட மறுத்த ஆசாரமான வீடுகள்கூட ஜாடியை உள்ளே விட்டன. வேறு வழியில்லை. உப்பும் புளிப்பும் பித்தளையைத் தின்னும். மண்பானையில் எண்ணெய் கசியும். ஜாடியில் போட்ட ஆவக்காய் அடுத்த மாங்காய்க் காலம்வரை போட்டபடியே இருக்கும்.

நான் தட்டும் கிண்ணமும் வனைகிறவன். ஸ்டோன்வேர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு முதலில் ஜாடியைத்தான் நினைவூட்டுகிறேன். அந்த மண்ணின் குணம் முழுக்க அதில் இருக்கிறது. உறிஞ்சாது, கசியாது, வைத்த பண்டத்தோடு கலக்காது. ராணிகஞ்சிலும் ராணிப்பேட்டையிலும் இதே குணத்தை நம்பித்தான் சாக்கடைக் குழாய்களைச் செய்தார்கள். ஊறுகாய்க்கும் கழிவுநீருக்கும் ஒரே பதில். இந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். கலைப்பொருள் என்று மார்தட்ட நினைக்கும் நாளில் குழாயை நினைத்துக்கொள்வேன்.

ஏரி மண்

நம் ஊர்க் குயவர்களான வேளார்கள் ஸ்டோன்வேர் செய்யாமல் போனதற்குக் கைத்திறன் குறைவு காரணமில்லை. மண்ணும் சூடும் காரணம். ஏரியிலும் குளத்திலும் எடுக்கும் களிமண்ணில் இரும்பு அதிகம், சுண்ணாம்பும் இருக்கும். அது 800, 900 டிகிரிக்குள்ளேயே சிவந்து இறுகிவிடும். 1200-க்கு மேல் ஏற்றினால் வீங்கும், நெளியும், உருகி உட்கார்ந்துவிடும். வைக்கோலும் வறட்டியும் மூட்டிய சூளை அந்தச் சூட்டை எட்டுவதும் இல்லை.

எட்ட வேண்டிய தேவையும் இருந்ததில்லை. வெயில் ஊரில் பானை கசிவது ஓர் உபகாரம். கசிந்த நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. மீன்குழம்புச் சட்டி நேரடித் தீயைத் தாங்குவதும் மண் முழுதாக இறுகாமல் இருப்பதால்தான். என் கிண்ணத்தை அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். என் கூஜாவில் ஊற்றிய தண்ணீர் அறையின் சூட்டிலேயே கிடக்கும். சட்டி பானையின் வேலையை ஸ்டோன்வேரால் செய்ய முடியாது. அதற்கு மிஞ்சுவது பரிமாறுவதும், சாப்பிடுவதும், ஊற வைப்பதும், மூடி வைப்பதும். அது போதும்.

உயர்சூட்டுக் கலங்கள் சீனாவில் 3000 ஆண்டுகளுக்கு முன்பே, ஷாங் அரசர்கள் காலத்திலேயே இருந்தன. பிற்காலத்தில் அவை கப்பலேறி இங்கேயும் வந்தன. ராமநாதபுரம் கடற்கரையின் பெரியபட்டினத்தில் பச்சைநிறச் செலடான் ஓடுகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. வாங்கிப் புழங்கினார்கள்; செய்முறை மட்டும் அன்று கரை இறங்கவில்லை.

புதுச்சேரி

ஜாடிக்கும் குழாய்க்கும் அப்பால், தட்டும் கிண்ணமுமாகக் கையால் வனையும் செய்முறை இந்தக் கரைக்கு வந்தது 1971-ல். ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் மண்வேலை பயின்றவர். சூளைக்குச் சவுக்கு விறகு. தட்டும் கிண்ணமும் தேநீர்க் கெண்டியும் செய்யச் சுற்றுவட்டாரத்து ஆட்கள் பழகினார்கள். மீக்கரிடம் படிக்க நாட்டின் பல மூலைகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். இன்று புதுவையிலும் ஆரோவில்லிலும் சுழலும் பல சக்கரங்களுக்கு அந்தப் பட்டறைதான் தாய்வீடு. மீக்கர் அதோடு நிற்கவில்லை. பச்சைமண்ணால் முழு வீட்டையே கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கித் தீ மூட்டிச் சுட்டுப் பார்த்தார்.

வடக்கே இதற்கு முன்பே ஒருவர் இருந்தார். குருசரண் சிங் 1919-ல் ஜப்பான் போய்ப் படித்து வந்து, 1952-ல் டெல்லியில் தன் பட்டறையைத் திறந்தார். ஜப்பானில் அவர் பழகிய வட்டத்தில் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச், ஜப்பானியக் குயவர் ஹமாதா ஷோஜி, சிந்தனையாளர் யானாகி சோயெட்சு எல்லோரும் உண்டு. லீச்சும் ஹமாதாவும் 1920-ல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் சூளை கட்டினார்கள். சாதாரண மக்கள் சாதாரண மக்களுக்காகச் செய்த சாமான்களுக்கென்றே யானாகி 1936-ல் தோக்கியோவில் ஒரு காட்சியகம் திறந்தார். ஆக, என் கிண்ணத்தின் வம்சாவளியில் ஜப்பானும் இங்கிலாந்தும் டெல்லியும் புதுவையும் வருகின்றன. அது போய்ச் சேர வேண்டிய இடமோ ரசமும் மோரும் புழங்கும் ஒரு வீடு. இந்த இரண்டையும் பொருத்துவதுதான் என் தொழிலில் பெரிய வேலை.

மண்

ஸ்டோன்வேர் மண் ஒரே இடத்தில் வெட்டி எடுப்பதில்லை, கூட்டிச் சேர்ப்பது. வெள்ளைச் சீனக்களிமண், இழுபடும் பால் கிளே, சூடு தாங்கும் ஃபயர் கிளே, ஃபெல்ஸ்பார், வெங்கச்சங்கல் தூள். இதில் ஒட்டவைக்கும் வேலை ஃபெல்ஸ்பாருடையது. 1200 டிகிரியை நெருங்கும்போது அது இளகி, வெல்லப்பாகு பொரியைப் பிடிப்பதைப் போல மற்றத் துகள்களைப் பிடித்துக்கொள்கிறது. ஆறியதும் பாதி கண்ணாடி, பாதி கல். நன்றாக வெந்த ஓடு தன் எடையில் 100-க்கு 3 பங்குத் தண்ணீர்கூடக் குடிக்காது.

வெங்கச்சங்கல் தூள் நுரையீரலுக்குப் பகை. காய்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்கினால் கண்ணுக்குத் தெரியாத தூசு எழும்பி வெகுநேரம் மிதக்கும். அதனால் பட்டறையில் பெருக்குவதில்லை, ஈரத்துணியால் துடைக்கிறோம். மண்வேலை மனதுக்கு அமைதி தரும் என்று சொல்பவர்கள் இந்த ஈரத்துணியிலிருந்து தொடங்க வேண்டும். நாள் முடிவில் குனிந்து, மூலை முடுக்கெல்லாம், அவசரமில்லாமல்.

பிசைவது

மண்ணைப் பிசைவது காற்றை வெளியேற்றத்தான். பிசையும்போது அது மட்டும் நடப்பதில்லை. மேலே காய்ந்த பகுதியும் உள்ளே ஈரமான பகுதியும் ஒன்றாகின்றன. கையும் அன்றைய மண்ணைத் தெரிந்துகொள்கிறது. மழைநாள் மண் தளர்ந்திருக்கும். பங்குனி வெயிலில் பொழுது ஏற ஏற விறைக்கும். மண்ணோடு பேசுவதாகச் சிலர் எழுதுகிறார்கள். நான் பேசியதில்லை. அது எவ்வளவு ஈரம் என்று கை கவனிக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் வேறு எதையும் கவனிக்காமல் இருந்தால் அதுவே தியானம்.

திரும்பத் திரும்ப

ஜப்பானின் மஷிகோ ஊரில் மினகவா மசு என்று ஒரு பெண்மணி இருந்தார். தேநீர்க் கெண்டிகளின் மேல் மலையும் நீரும் மரமுமான ஒரே காட்சியைச் சிறுவயது முதல் முதுமைவரை தீட்டினார். கூலிக்குச் செய்த வேலை. கெண்டிகள் மலிவுச் சரக்கு. யானாகியின் கூட்டத்தார் அந்தக் கோடுகளைப் பார்த்து வியந்தார்கள். யோசித்துப் போட்ட கோடு அதில் ஒன்றுகூட இல்லை.

ஒரே அளவில் கிண்ணங்களை வரிசையாக வனையும்போது அந்த வியப்பு எனக்குப் புரிகிறது. முதல் சில கிண்ணங்களில் நான் தெரிகிறேன். இப்படி வரவேண்டும், அப்படி வளைய வேண்டும் என்ற ஆசை தெரிகிறது. வரிசை நீள நீள ஆசை களைத்துப்போகிறது. அதன்பிறகு வருபவை கொஞ்சம் ஏறுமாறாக இருந்தாலும் எடுத்துக்கட்டிய பாவனை இல்லாமல் இருக்கின்றன. சந்தையில் அவைதான் முதலில் போகின்றன.

ஹமாதா தன் கலங்களில் முத்திரை இடுவதை விட்டுவிட்டார். 1955-ல் அவரைத் தேசத்தின் வாழும் செல்வம் என்று ஜப்பான் அரசு அறிவித்த பிறகும் இடவில்லை. பெயர் தெரியாதவர்களின் கலங்களிலிருந்து கற்றவர் அவர். தன் பெயரை மட்டும் தனியே நிறுத்த விரும்பவில்லை.

விளிம்பு

ஒரு கலத்தில் உடம்போடு உறவாடும் இடம் விளிம்பு. மேல்நாட்டுக் கோப்பையின் விளிம்பு உதட்டுக்காக உருண்டிருக்கும். நம் வீடுகளில் பலர் எச்சில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பவர்கள். அவர்களுக்கு உருண்ட விளிம்பு உதவாது. தண்ணீர் தாடையில் வழியும். எவர்சில்வர் தம்ளரின் வெளிப்பக்கம் மடிந்த மெல்லிய வாய் ஏன் அப்படி இருக்கிறது என்பது, மண்ணில் அதைச் செய்ய முயலும்போதுதான் தெரிகிறது. நீர் நூலாக விழுவதற்கு விளிம்பு வெளியே சாய வேண்டும், நுனி கூர்மையாக முடிய வேண்டும். கூர்மையான மண் விளிம்போ எளிதில் சில்லு விடும். மெலிவுக்கும் உறுதிக்கும் நடுவே ஒரு மயிரிழை இடம்தான் இருக்கிறது. அங்கே நிற்கக் கை பழக வேண்டும்.

தட்டுக்கு வேறு கணக்கு. கரண்டியும் முள்ளும் புழங்கும் மேசைக்கு அகலமான விளிம்பும் தட்டையான நடுவும் போதும். நாம் விரலால் பிசைந்து, வழித்து, அள்ளுகிறோம். ரசம்சாதம் ஓடும். விரல் சோற்றைத் தள்ளிக்கொண்டு போய் எதிலாவது முட்டுக்கொடுக்க வேண்டும். அதற்காகத் தட்டின் ஓரம் விரலுயரத்துக்கு எழ வேண்டும். அது எழும் இடத்தில் மூலை இருக்கக் கூடாது. வளைவு இருக்க வேண்டும். மூலை இருந்தால் பருக்கை அங்கே தங்கும், கழுவும்போது நகம் போட்டுச் சுரண்ட வேண்டியிருக்கும். இந்த ஒரு வளைவு சரியாக வந்தால் தட்டில் மற்றக் குறைகள் மன்னிக்கத்தக்கவை.

ஒரு சந்தையில் வயதான அம்மாள் ஒருவர் என் கிண்ணத்தைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இதுல பழையது ஊத்தி வச்சா புளிச்ச வாடை ஒட்டிக்குமா?”

“ஒட்டாதும்மா.”

“அப்ப இன்னும் பெருசா ஒண்ணு செய்யி. எங்க வீட்டுக்காரருக்கு இது எந்த மூலைக்கு?”

வடிவமைப்பைப் பற்றி நான் கேட்ட நல்ல பாடங்களில் அது ஒன்று.

அடி

வனைந்த கலம் தோல் பதத்துக்குக் காய்ந்ததும் கவிழ்த்துவைத்து அடியைச் சீவுகிறோம். வாங்குபவர் கடைசியாகப் பார்க்கும் இடம் அது. வனைபவருக்கோ எதையும் ஒளிக்க முடியாத இடம். சோம்பலாக விட்ட அடி கனக்கும். அதிகம் சீவிய அடி சூளையில் தொய்யும். அடிவளையம் கரடாக இருந்தால் மேசையைக் கீறும். அடுக்கி வைக்கும்போது கீழ்த்தட்டின் கண்ணாடிப் பூச்சான கிளேஸையும் கீறும். சுட்டபிறகு வளையத்தை வழவழப்பாகத் தேய்த்துவிடுவது சில நொடி வேலை. அதைச் செய்தாரா என்பதில் அந்தக் குயவரின் மனசு தெரியும்.

சுருக்கத்தையும் இங்கேயே நினைக்க வேண்டும். ஈரம் போவதிலும் வேகுவதிலும் சேர்த்து என் மண் 100-க்கு 12 பங்கு சுருங்குகிறது. 28 சென்டிமீட்டர் தட்டு வேண்டுமென்றால் சக்கரத்தில் கிட்டத்தட்ட 32 சென்டிமீட்டர் வனைய வேண்டும். செய்யும்போது கண்ணுக்கு எல்லாம் பெரிதாகவே தெரியும். இல்லாத அளவைப் பார்க்கக் கற்றுக்கொள்வது இந்தத் தொழிலின் பாதி.

கிளேஸ்

சூளையில் மிஞ்சும் சவுக்குச் சாம்பலைச் சலித்து, நீரில் ஊறவைத்து, காரம் போகக் கழுவினால் கிளேஸின் ஒரு பங்கு கிடைத்துவிடும். அதில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அது உருக வைக்கும். உமிச் சாம்பலில் பெரும்பங்கு மணற்சத்து. அது வெண்மையும் பால் போன்ற மங்கலும் தரும். களிமண்ணும் ஃபெல்ஸ்பாரும் சேர்ந்தால் போதும். இரும்புத்தூள் 100-க்கு 1, 2 பங்கு சேர்த்துக் காற்றைக் குறைத்துச் சுட்டால் செலடான் பச்சை. அதே இரும்பு 8, 10 பங்கானால் கருப்பு, விளிம்பில் துருநிறம். வயலும் தோப்பும் தரும் நிறங்கள் இவை.

ஈயம் தாழ்ந்த சூட்டில் கிளேஸை உருக்கக் கையாளப்பட்ட பொருள். ஸ்டோன்வேர் சூட்டுக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் உயர்சூட்டில் சுட்டதெல்லாம் நல்லது என்று நம்பிவிடக் கூடாது. நம் சாப்பாட்டில் புளி உண்டு, தயிர் உண்டு, எலுமிச்சை உண்டு. சரியாக உருகாத கிளேஸைப் புளிப்பு மெல்ல அரிக்கும். ஓர் எலுமிச்சைத் துண்டை இரவு முழுக்கத் தட்டின் மேல் வைத்துக் காலையில் பாருங்கள். நிறம் வெளுத்திருந்தாலோ மினுமினுப்பு மங்கியிருந்தாலோ அந்தத் தட்டில் பூ வைக்கலாம், சோறு வேண்டாம்.

மஞ்சள் இன்னொரு பரீட்சை. மண்ணைவிடக் கிளேஸ் அதிகம் சுருங்கினால் மேலே மெல்லிய கீறல் வலை விழும். பச்சைத் தேநீர் குடிக்கும் நாட்டில் அந்த வலையை ரசிப்பார்கள். சாம்பார் ஊற்றும் நாட்டில் அது சில வாரத்தில் மஞ்சள் வலையாகும். நம் அடுப்படிக்கான கிளேஸ் மண்ணோடு ஒட்டிச் சுருங்குவதாக இருக்க வேண்டும்.

தீ

பச்சைக் கலங்களை முதலில் ஏறக்குறைய 900 டிகிரியில் சுட்டு, கிளேஸில் முக்கி, மறுபடி சூளையில் அடுக்குகிறோம். விடியுமுன் மூட்டினால் முடிய நள்ளிரவாகும். தொடக்கத்தில் அவசரம் ஆகாது. கிளேஸிலிருந்து ஓட்டில் ஊறிய ஈரம் 100 டிகிரியைத் தாண்டும்போது ஆவியாகத் துடிக்கும். பொறுத்தால் சத்தமில்லாமல் போகும். 573 டிகிரியில் வெங்கச்சங்கல் படிகங்கள் திடுமென விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அந்த வாசலை ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகக் கடக்க வேண்டும்.

சூளைக்குள் இருட்டுச் சிவப்பு ஆரஞ்சாகும், ஆரஞ்சு மஞ்சளாகும், கடைசியில் வெறும் கண்ணால் பார்க்கக் கூடாத வெண்மையாகும். நடுவில் காற்றின் வழியைக் குறைக்கிறோம். பசித்த தீ மண்ணிலும் கிளேஸிலும் உள்ள இரும்பிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்குகிறது. நிறம் அங்கே தீர்மானமாகிறது. எப்போது நிறுத்துவது என்பதை ஒரு சின்ன முக்கோணக் கூம்பு சொல்லும். ஜெர்மனியின் ஹெர்மன் செகர் 1886-ல் உண்டாக்கியது. சூடு எவ்வளவு என்று அது காட்டுவதில்லை. சூடும் நேரமும் சேர்ந்து செய்த வேலை முடிந்ததும் தலைசாய்கிறது.

பிறகு செய்ய ஒன்றும் இல்லை. சூளையை மூடிவிட்டு இரண்டு நாள் காத்திருக்கிறோம். காத்திருக்கத் தெரியாதவர் கதவைத் திறந்தால் குளிர்காற்று பட்டுத் தட்டுகள் பிளக்கும்.

கணக்கு

சுடாத கலம் பிடிக்கவில்லை என்றால் தண்ணீரில் போட்டால் போதும். மறுநாள் அது மண். 1250 டிகிரியைக் கடந்துவிட்டால் திரும்ப வழியில்லை. அந்த ஓடு நம் பேரப்பிள்ளைகளின் காலத்துக்கு அப்பாலும் மண்ணில் ஓடாகவே கிடக்கும். பெரியபட்டினத்துச் செலடான் அதற்குச் சாட்சி. ஒவ்வொரு சூளைக்கும் வெட்டிய சவுக்கும் திரும்பி வராது. அதனால் சுடும் முன் பலகையில் வரிசையாக நிற்பவற்றைப் பார்த்து ஒவ்வொன்றிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது: இந்த விறகுக்கு நீ தகுதியா?

அந்தக் கேள்விக்கு வனைபவர் பாதிப் பதில்தான் சொல்ல முடியும். விளிம்பு, வளைவு, அடி, கிளேஸ் என்று தன் பங்கைச் செய்துவிடலாம். மீதிப் பதில் வீட்டில் இருக்கிறது. எரிந்த மரத்துக்கு ஈடு புழக்கம் ஒன்றுதான். தினம் இரண்டு வேளை சோறு ஏந்தி, பத்து வருடம் கழித்து உடைந்த தட்டு கணக்கை நேர்செய்துவிட்டது. கண்ணாடி அலமாரியில் விருந்தாளிக்காகக் காத்திருக்கும் தட்டு இன்னும் கடனில்தான் நிற்கிறது, அது எத்தனை அழகாக இருந்தாலும்.

ஆகவே வாங்கும்போது இவ்வளவு பாருங்கள். கவிழ்த்து அடியைத் தடவுங்கள். விளிம்பில் விரலை ஓட்டுங்கள். ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். சோறில்லாமலேயே கனத்தால் வைத்துவிடுங்கள். விரலால் மெல்லத் தட்டுங்கள். நன்றாக வெந்தது கணீரென்னும், விரிசல் உள்ளது மொத்தென்னும். வாங்கிய பிறகு இரும்பு நார் போட்டுத் தேய்க்காதீர்கள், தேங்காய்நாரே போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கொதிநீர் ஊற்றாதீர்கள். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. அலமாரியில் இருப்பதை இன்றைக்கே இறக்கி அதில் சாப்பிடுங்கள். உடைந்தால் இன்னொன்று வனைந்து தரத்தான் நாங்கள் இருக்கிறோம்.